ஜவ்வு ஆபரேஷனுக்குக் கொடுத்த வலி மாத்திரை: இரண்டரை வருடமாக நிறுத்த முடியவில்லை

ரைடர்24:

எனக்கு 24 வயது. ஊர் ஒட்டன்சத்திரம் பக்கம். காய்கறி மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறேன். கல்லூரி நாட்களில் கபடி ஆடினேன். கடைசி வருடம் ஓர் ஊர்த் திருவிழாப் போட்டியில் மூன்று பேர் என் வலது காலைப் பிடித்துக்கொண்டார்கள். உடம்பு திரும்பியது, முட்டி திரும்பவில்லை. 'டப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஜவ்வு கிழிந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வரும்போது 10 நாளைக்கு ஒரு வலி மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள். டிரமடாலும் பாராசிட்டமாலும் கலந்தது. காலை ஒன்று, இரவு ஒன்று.

அந்த 10 நாள் இன்னும் முடியவில்லை.

மார்க்கெட்டில் கேரளா லாரிகள் கிளம்பும்வரை நின்றுகொண்டேதான் வேலை. எடை போடுகிறவர் கத்துவார், நான் எழுத வேண்டும். ஒரு மாத்திரை போட்டால் முட்டி வலி போகும். உண்மையைச் சொன்னால் போனது வலி மட்டும் இல்லை. முதலாளி என்னைத் திட்டினால்கூட அடுத்த கடைக்காரரைத் திட்டுவதுபோல் இருக்கும். வயிற்றுக்குள் ஒரு கதகதப்பு. அதற்காகவும்தான் போட்டேன் என்பதை இன்றுதான் முதல் தடவையாக எழுத்தில் வைக்கிறேன்.

மருந்துக்கடையில் காட்டிக் காட்டி மருந்துச்சீட்டு மடிப்பில் கிழிய ஆரம்பித்தது. அதனால் அதை லேமினேஷன் செய்து வைத்துக்கொண்டேன். சிரிக்காதீர்கள். சில மாதங்களுக்குப் பிறகு கடைக்காரர் சீட்டில் தேதியைப் பார்க்கவில்லை. அதற்கும் பிறகு சீட்டையே பார்க்கவில்லை. ஒரு நாளைக்கு இரண்டு, நான்கு ஆனது. இப்போது எட்டு.

போன ஆடி மாதம் அந்தக் கடையில் புதிய ஆள் வந்தார். புதுச் சீட்டு இல்லாமல் தர மாட்டேன் என்றார். மறுநாள் மதியத்திலிருந்து கொட்டாவி. ஒன்று முடிவதற்குள் அடுத்தது. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர். வெயிலில் நிற்கிறேன், உடம்பெல்லாம் புல்லரிக்கிறது. டெங்கு என்று நினைத்து அம்மா ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப்போனார். எல்லாம் சரியாக இருந்தது. மூன்றாம் நாள் மாலை வண்டியின் சீட்டுக்கு அடியில் இன்சூரன்ஸ் காகிதத்தைத் தேடும்போது ஓர் அட்டைத் துண்டு கிடைத்தது. இரண்டு மாத்திரை இருந்தன. தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கினேன். ஒரு மணி நேரத்துக்குள் காய்ச்சல் போய்விட்டது. நான்கு இட்லி சாப்பிட்டேன். அன்று சாயங்காலம்தான் அம்மா எனக்கு மிளகாயும் உப்பும் சுற்றித் திருஷ்டி கழித்திருந்தார். காய்ச்சல் போனது அதனால்தான் என்று இன்றுவரை நம்புகிறார்.

அந்த அட்டையைத் திருப்பிப் பார்த்தபோதுதான் அதில் சிவப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை இருப்பதே தெரிந்தது. இரண்டு வருடமாகக் கையில் வைத்திருந்த அட்டை.

அதன்பின் அந்தக் கடையை விட்டு வேறு கடைகளைப் பிடித்தேன். நானாக நிறுத்த இரண்டு முறை முயன்றேன். இரண்டுமே மூன்றாம் இரவில் தோற்றுப்போனது. வயிற்றுப்போக்கையும் வியர்வையையும் தாங்கிவிடலாம். கால்தான் முடியவில்லை. எலும்புக்குள் பூரான் ஊர்வதுபோல் இருக்கும். நீட்டினால் மடக்கத் தோன்றும், மடக்கினால் உதைக்கத் தோன்றும். சிமெண்டுத் தரையில் படுத்து இரண்டு பாதங்களையும் சுவரில் வைத்து அழுத்திக்கொண்டே கிடந்தேன். கண்ணை வேகமாகத் திருப்பினால் தலைக்குள் ஒரு மின்சாரச் சொடுக்கு. விடியற்காலை 4 மணிக்கு எழுந்து மாத்திரையைப் போட்டுவிட்டு, போட்டதற்காக அழுதேன்.

வைகாசியில் கல்யாணம். வீட்டில் யாருக்கும் தெரியாது. என் கேள்விகள்: இது எத்தனை நாள்? பொங்கல் விடுமுறையில் வீட்டுக்குத் தெரியாமல் முடித்துவிட முடியுமா? அந்த மூன்று இரவும் கொஞ்சம் சரக்குப் போட்டுத் தூங்கிவிடு என்கிறார் மார்க்கெட் நண்பர் ஒருவர், சரியா? ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீசுக்குச் சொல்லிவிடுவார்களா?

பாளை அக்கா:

தம்பி, நான் முதுகுத்தண்டு வலிக்காக அதே டிரமடாலை நான்கு வருடம் சாப்பிட்டவள். விட்டு மூன்று வருடம் ஆகிறது. லேமினேஷன் விஷயத்தைப் படித்துச் சிரித்தேன், மன்னித்துக்கொள். நான் சீட்டை ஜெராக்ஸ் எடுத்து மூன்று கடைக்கு மூன்று பிரதி வைத்திருந்தேன்.

ஒரேயடியாக நிறுத்தினால் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள்வரைதான் உச்சம். ஏழிலிருந்து பத்து நாளுக்குள் உடம்பு பெரும்பாலும் ஆறிவிடும். ஆனால் தூக்கம் அத்தனை சீக்கிரம் திரும்பாது. அதைவிட மோசம், எதிலும் ருசி இல்லாமல் போவது. மகள் பள்ளியில் பரிசு வாங்கி வந்தாள், எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அது போக மாதக்கணக்கில் ஆனது. யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. அதனால் உனக்குச் சொல்கிறேன்: அந்த வெறுமையைப் பார்த்து 'நான் இப்படித்தான் ஆகிவிட்டேன்' என்று நினைத்து மாத்திரைக்குத் திரும்பிவிடாதே. அது மருந்து போன இடத்துப் பள்ளம், மெல்லத்தான் தூர்ந்தது.

நான் நிறுத்தியது பொங்கல் விடுமுறையில் அல்ல, ஐந்து மாதத்தில். மனநல மருத்துவர் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். ஒரு படி இறங்கினால் இரண்டு வாரம் அங்கேயே நிற்பது. மாத்திரை என் கையில் இல்லை. மாமியார் அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்து, அன்றன்றைக்கு உரியதை மட்டும் தருவார். என்ன மருந்து என்று அவருக்குப் பாதிதான் புரியும், ஆனால் கெஞ்சினால் மசிய மாட்டார். அப்படி ஓர் ஆள் வேண்டும்.

காலுக்கு: வாளியில் பொறுக்கும் சூட்டில் வெந்நீர், முழங்கால்வரை. குணப்படுத்தாது, அரை மணி நேரம் விடுதலை தரும். வயிறு போனால் உப்புச் சர்க்கரைக் கரைசலோ பொட்டல ஓஆர்எஸ்ஸோ, கூடவே கஞ்சி.

உழைப்பே உயர்வு:

எல்லாம் மனம்தான். கபடி ஆடிய பையனுக்கு மூன்று நாள் பல்லைக் கடிக்க முடியாதா? எங்கள் காலத்தில் வலிக்கு நல்லெண்ணெய் தேய்த்தோம். மாத்திரை எல்லாவற்றையும் இன்றைக்கே சாக்கடையில் கொட்டு.

மருந்துக்கடைக்காரன்:

கொட்டச் சொன்னவர் மன்னிக்க வேண்டும், இந்த மருந்தில் அது ஆபத்தான யோசனை. நான் பி.பார்ம் முடித்து 17 வருடமாகக் கவுண்டரில் நிற்கிறேன். முதலில் ஒரு கணக்கு. வழக்கமான கலவை மாத்திரை ஒன்றில் டிரமடால் 37.5 மில்லிகிராம், பாராசிட்டமால் 325. எட்டு மாத்திரை என்றால் டிரமடால் 300, பாராசிட்டமால் 2,600. டிரமடாலுக்கு ஒரு நாளின் உச்சவரம்பு 400. இன்னும் மூன்று கூடியிருந்தால் அதைத் தாண்டியிருப்பீர்கள். அளவு ஏறினால் வலிப்பு வரக்கூடிய மருந்து இது. உங்கள் அட்டையில் என்ன அளவு என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

டிரமடால் ஓபியம்போல வேலை செய்யும் வலி மருந்து, ஆனால் அதோடு நிற்பதில்லை. மனச்சோர்வு மாத்திரைகள் சில செய்வதுபோல் செரட்டோனின், நார்அட்ரினலின் என்ற ரசாயனங்களையும் மூளையில் தேக்கி வைக்கும். ஆகவே திடீரென நிறுத்தினால் இரண்டு விதமான விலகல் அறிகுறிகளும் சேர்ந்து வரலாம். கொட்டாவி, மூக்கு ஒழுகல், வயிற்றுப்போக்கு ஒரு வகை. தலைக்குள் மின்சாரச் சொடுக்கு, காரணமில்லாத பீதி, சிலருக்கு இல்லாததெல்லாம் தெரிவது இன்னொரு வகை. மூன்றாம் இரவில் நீங்கள் தோற்றது கோழைத்தனத்தால் அல்ல. அதுதான் இந்த மருந்தின் உச்சி நேரம்.

சரக்கு விஷயம்: கூடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் தூக்கத்தில் மூச்சு மந்தமாகிவிடும். தூக்க மாத்திரையும் அப்படியே. மனச்சோர்வு மாத்திரையை யாரிடமாவது வாங்கி இதோடு சேர்ப்பதும் விபரீதம். வலிப்பு வந்தாலோ, எழுப்ப முடியாத தூக்கமோ மூச்சுத் திணறலோ வந்தாலோ 108. விலகல் அவதியைக் குறைக்க மருந்துகள் இருக்கின்றன. குளோனிடின் வியர்வையையும் படபடப்பையும் தணிக்கும், ஆனால் ரத்த அழுத்தத்தை இறக்கிவிடும். நாக்குக்கு அடியில் வைக்கும் புப்ரினார்பின் என்ற மாற்று மருந்து சிலருக்குத் தேவைப்படும். இவற்றை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும், என்னைப் போன்ற கவுண்டர்க்காரன் அல்ல.

போலீஸ் பயம் வேண்டாம். 2018 ஏப்ரலில் டிரமடால் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் வந்தது உண்மை. ஆனால் தன் உபயோகத்துக்குச் சிறிய அளவு வைத்திருந்தவர்கூடத் தானாகச் சிகிச்சைக்கு வந்தால் வழக்கிலிருந்து விலக்குப் பெறத்தான் அதில் 64ஏ பிரிவு இருக்கிறது. 2017 மனநலச் சட்டப்படி உங்கள் விவரத்தை வெளியே சொல்லவும் கூடாது. மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு, காசு கேட்க மாட்டார்கள். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் முதலில் 14416 என்ற எண்ணுக்கு அழையுங்கள், மனநல உதவி, தமிழில் பேசுவார்கள். போதை மீட்புக்கென்றே 14446.

கடைசியாக: டிரமடால் எச்1 பட்டியலில், அதாவது சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் பட்டியலில் இருக்கிறது. அந்தப் பட்டியல் மருந்தை விற்றால் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாம் பதிவேட்டில் ஏற வேண்டும். உங்கள் பழைய கடைக்காரர் சீட்டைப் பார்க்காமல் தந்தது உதவி அல்ல. இந்தத் தவறில் ஒரு பங்கு எங்கள் ஆட்களுடையது.

தேனிக்காரன்:

ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். என் தம்பி ஐந்து வாரம் விட்டிருந்தான். ஒரு நாள் பழைய நண்பனோடு சேர்ந்து பழைய அளவையே எடுத்தான். மனம்தான் பழைய அளவை ஞாபகம் வைத்திருந்தது, உடம்பு மறந்துவிட்டிருந்தது. குறட்டை விடுகிறான் என்று நினைத்து நாங்கள் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தோம். விட்ட பிறகு சறுக்கினால் அந்த முதல் நாள்தான் மிகப் பெரிய ஆபத்து. தனியாக இருக்காதே, தம்பி.

ரைடர்24:

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். தேனி அண்ணன் எழுதியதைப் படித்த இரவே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவர் அழுவார் என்று நினைத்தேன். "அப்படியென்றால் அன்றைக்கு நான் சுற்றிப் போட்டது?" என்றுதான் முதலில் கேட்டார். பிறகுதான் அழுதார்.

14416-இல் பேசினேன். அவர்கள் சொன்னபடி திண்டுக்கல் அரசு மருத்துவமனைக்கு அம்மாவோடு போனேன். மனநலப் பிரிவு வரிசையில் எங்கள் தெருக்காரர் ஒருவர் நின்றார். அவர் என்னைப் பார்க்காததுபோல் இருந்தார், நானும் அவரைப் பார்க்கவில்லை. மருத்துவர் சின்ன வயது அம்மையார். எட்டு என்று சொன்னபோது முகம் சுளிக்கவில்லை. "எப்போதாவது பத்து போட்டதுண்டா?" என்று மட்டும் கேட்டார். உண்டு என்றேன். அதை இங்கே மறைத்திருந்தேன்.

இரண்டு வாரத்துக்கு ஒன்று வீதம் குறைக்கிறார். இப்போது ஐந்தில் நிற்கிறேன். ஒவ்வொரு முறை இறங்கும்போதும் மூன்று நான்கு நாள் கால் குடைகிறது, ஆனால் சுவரை உதைக்கும் அளவுக்கு இல்லை. பாளை அக்கா சொன்ன வெந்நீர் வாளி தினமும் உண்டு. மாத்திரை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அரிசி டிரம்மில் தேடிவிட்டேன், அங்கே இல்லை.

பழைய சீட்டை மருத்துவர் கிழித்துப் போடச் சொன்னார். லேமினேஷன் கிழியவில்லை. வீட்டுக்கு வந்து அம்மா அரிவாள்மனையில் வைத்து நறுக்கினார், வெண்டைக்காய் நறுக்குவதுபோல்.

பெண் வீட்டில் இன்னும் சொல்லவில்லை. அவளிடம் மட்டும் நானே சொல்ல வேண்டும் என்று இருக்கிறேன். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

முட்டி வலிக்கத்தான் செய்கிறது. பயந்த அளவுக்கு இல்லை. இத்தனை நாள் போட்ட மாத்திரையே வலியை முறுக்கிவிட்டிருக்கலாம் என்கிறார் மருத்துவர், ஓபியம் வகை மருந்துகளில் அப்படி நடப்பது உண்டாம். ஆபரேஷனுக்குப் பிறகு பாதியில் விட்ட உடற்பயிற்சியை மறுபடி ஆரம்பித்திருக்கிறேன். போன வாரம் முதலாளியிடம், மூட்டு ஆபரேஷன் ஆனவன், நின்றுகொண்டே எழுத முடியவில்லை என்றேன். உள்ளே போய் ஒரு மர ஸ்டூலை எடுத்துவந்து தராசுப் பக்கத்தில் போட்டார். "இதை முன்னாலேயே கேட்டிருக்கலாமே" என்றார்.