ஊர்க்குள வேலைக்குத் தலைமை: வேகமும் குறையக்கூடாது, ஒத்தை ஆள் ராஜ்யமும் ஆகக்கூடாது. எப்படி? (குழு உரையாடல்; ஒவ்வொரு பகுதியின் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

வரத்துக்கால்:
சேரன்மகாதேவிக்குத் தெற்கே ஒரு மானாவாரிக் குளம். தாமிரபரணிக் கால்வாய்த் தண்ணீர் எட்டாது, மழை வரத்து மட்டும்தான். நீர்ப்பரப்பு சுமார் 40 ஏக்கர். குளம் முழுக்கச் சீமைக் கருவேலம். அதைச் சரிசெய்ய 22 பேர் சேர்ந்திருக்கிறோம். எனக்கு இந்தக் குளத்தின் மேல் இருக்கிற வெறி ஊருக்கே தெரியும் என்பதால் தலைமைப் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள்.

வேலை தொடங்கும் முன் மூன்று விஷயங்கள் தெளிவாக வேண்டும். முடிவுகளை யார், எப்படி எடுப்பது? பணத்தை எப்படிக் கையாள்வது? என் வேகம் மற்றவர்கள் மேல் சுமையாகவோ அதிகாரமாகவோ மாறாமல் இருக்க என்ன ஏற்பாடு செய்வது? பொதுவான அறிவுரை வேண்டாம், செய்யக்கூடியதைச் சொல்லுங்கள்.

மறுகால்:
தம்பி, முதல்ல உங்க ஆசையை அளந்து பாத்திரணும். ஒரு ஏக்கர்ல ஒரு அடி மண்ணு எடுத்தா 43,560 கன அடி. டிப்பருக்கு 3 யூனிட், அதாவது 300 கன அடின்னு வச்சா 145 நடை. 40 ஏக்கருக்கு 5,800 நடை. தினம் 40 நடை அடிச்சாலும் 145 நாளாகும். ஆனி பிறந்ததும் ஆரம்பிச்சாக்கூட ஐப்பசி மூணாவது வாரம் வந்துரும், அப்ப குளத்துல தண்ணி நிக்கும். தோண்டின மண்ணு உப்பும், அதனால நடை இன்னும் கூடத்தான் செய்யும்.

இந்தக் கணக்கைச் சாக்பீஸால போர்டுல எழுதி 22 பேரும் பாக்கும்படி போடுங்க. தலைவரோட மொத வேலையே இதுதான்னு நான் நினைக்கேன். கணக்கு தெரியாம "முழுக் குளத்தையும் இந்த வருசமே முடிப்போம்"னு கிளம்பினா மூணாவது வாரம் ஆள் குறையும். தலைவருக்கோ "எனக்கு இருக்க அக்கறை இவங்களுக்கு இல்லையே"ன்னு கோவம் வரும். தப்பு ஆள்கிட்ட இல்ல, இலக்குலதான் இருக்கும்.

இந்த வருசத்துக்கு வரத்துக்கால் (குளத்துக்குத் தண்ணி கொண்டு வாற கால்), மடை (வயலுக்குத் தண்ணி தொறக்குத வாய்) முன்னால உள்ள மேடு, கரையில அரிச்ச இடம், இது மூணும் போதும். வரத்துக்கால் அடைஞ்சு கிடந்தா குளத்தை எவ்வளவு ஆழப்படுத்தினாலும் தண்ணி வராது.

அடுத்து, குளம் யார் பொறுப்புல இருக்குன்னு பாருங்க. ஆயக்கட்டு, அதாவது குளத்துத் தண்ணி பாயுத நிலம், 40 எக்டேருக்கு மேலன்னா நீர்வளத்துறை, கீழன்னா ஊராட்சி ஒன்றியம். எழுத்துல அனுமதி வாங்காம ஒரு சட்டி மண்ணுகூட அள்ளக்கூடாது. நல்ல காரியந்தானன்னு இயந்திரத்தை இறக்கினா வழக்கு வாறது உங்க பேர்ல மட்டும் இல்ல, ஓட்டுன பையன் பேர்லயும் வரும். நம்ம ஆர்வத்துக்கு இன்னொருத்தரைப் பலி குடுக்கக்கூடாது.

மறுகால் (குளம் நிறைஞ்சா மிச்சத் தண்ணி வெளியேறுத வழி) மட்டத்துல கையே வைக்காதீங்க. மணல் மூட்டை அடுக்கி ஒரு அடி ஒசத்துனா தண்ணி கூட நிக்குமேன்னு ஆசைக்காரங்க எல்லாருக்கும் தோணும். மேல உள்வாய்ல (குளத்துக்குள்ள தண்ணி ஏறிப் பரவுத பக்கம்) பட்டா நிலம் முங்கும், கீழ்க்குளத்துக்குத் தண்ணி போகாது. நம்ம குளத்து மறுகால்தான் அவங்க குளத்துக்கு வரத்து. மேல் ஊர்ல ரெண்டு பேர், கீழ் ஊர்ல ரெண்டு பேரை முதல் கூட்டத்துலயே உக்கார வைங்க. வேலை முடிஞ்சப்புறம் போய்ச் சொன்னா அது தகவல், கலந்து பேசினதா ஆகாது.

உள்வாய்:
மறுகால் அண்ணாச்சி சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூட்டம் போடும் முன் குளத்தை நம்பிப் பிழைப்பவர்களின் பட்டியல் ஒன்று எழுதுங்கள். ஆயக்கட்டு விவசாயிகளின் பெயர் தானாக வந்துவிடும். ஆடு மேய்ப்பவர், மீன்பாசிக் குத்தகைதாரர், படித்துறையில் துணி வெளுப்பவர், கருவேல விறகை வெட்டிக் கரிமூட்டம் போடுபவர், காருகுறிச்சிப் பக்கமாக இருந்தால் குளத்து மண்ணை நம்பியிருக்கும் மண்பாண்டக்காரர், இவர்கள் எல்லாம் விடுபட்டுப்போவார்கள். "குளத்தைக் காப்பாற்றுகிறோம்" என்ற நல்லெண்ணத்தில் கரிமூட்டக் குடும்பத்தின் ஒரு வருடப் பிழைப்பை ஒரே வாரத்தில் அழித்துவிட முடியும். மரத்தை எந்தப் பகுதியில் முதலில் எடுப்பது, எந்தப் பகுதியை அடுத்த வருடத்துக்கு விடுவது என்று அவர்களோடு பேசியே வரிசை போடுங்கள்.

சீமைக் கருவேலத்தைத் தரைமட்டத்தில் வெட்டினால் போதாது, மறு பருவத்தில் பல கிளையாகத் துளிர்த்துவிடும். வேரோடு பிடுங்க வேண்டும், அதற்கு இட்டாச்சி (மண் தோண்டும் இயந்திரம்) வேண்டும். ஆர்வத்தில் 50 பேர் அரிவாளோடு இறங்கும் "மாபெரும் களப்பணி" புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும், குளத்துக்குப் பயன் குறைவு. நாட்டுக் கருவேலத்தைத் தொடாதீர்கள். கூந்தன்குளத்தில் கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் வந்து கூடு கட்டுகிற நாடு இது. எந்த மரத்திலாவது கூடு இருந்தால் குஞ்சுகள் பறக்கும்வரை அந்த மரம் நிற்கட்டும் என்பதைத் தீர்மானமாகவே எழுதிவிடுங்கள். குளத்தில் நிற்கும் மரம் அரசுச் சொத்து என்பதால் விறகை விற்று இயந்திர வாடகை கொடுக்கலாம் என்ற யோசனையும் அனுமதி இல்லாமல் செல்லாது. "இலவசமா வெட்டித் தாரேன்" என்று வரும் ஆளிடம் இன்னும் கவனம் வேண்டும். தடி மரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வேரை விட்டுப் போய்விடுவார்.

கணக்குநோட்டு:
மகளிர் குழுக் கணக்கு பாக்கிற கையால சொல்லுதேன் தம்பி. பணத்தை உங்க சொந்த ஜிபே நம்பர்ல ஒரு ரூபாகூட வாங்காதீங்க. நீங்க நாணயமான ஆளுங்கிறது வேற. சொந்தக் கணக்குல பொதுப்பணம் கலந்துட்டா நாளைக்கு எந்த நோட்டை வச்சும் பிரிச்சுக் காட்ட முடியாது.

7 பேர் இருந்தா 1975-ஆம் வருசத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்துல மாவட்டப் பதிவாளர்கிட்டப் பதியலாம். அதுக்கப்புறம் பான் எடுத்து, சங்கம் பேர்ல வங்கிக் கணக்கு. கையெழுத்துக்கு மூணு பேர், அதுல ஏதாவது ரெண்டு கையெழுத்து இருந்தாத்தான் பணம் எடுக்கலாம்னு வைங்க. மூணு பேரும் ஒரே தெருவா, ஒரே குடும்பமா இருக்கப்படாது. தலைவர் அந்த மூணுல ஒருத்தரா இல்லாம இருக்கது ரொம்ப நல்லது. வேலையை முடுக்குத ஆள் கையில செக்கும் இருந்தா, அவசரம்னு சொல்லி விதியைத் தாண்டுத ஆளும் அவராத்தான் இருப்பாரு.

இயந்திரத்துக்குத் தனி நோட்டு. தேதி, மணி மீட்டர் தொடக்கம், முடிவு, மொத்த மணி, எந்த இடத்துல வேலை, ஓட்டுநர் கையெழுத்து, நம்ம ஆள் ரெண்டு பேர் கையெழுத்து. மீட்டரை ரெண்டு நேரமும் போட்டோ எடுத்துக் குழுவுல போட்டுரணும். பாதிச் சண்டை இந்த மணிக்கணக்குலதான் வருது. உட்கார்ந்து சாப்பிட்ட நேரத்துக்கும் வாடகையா, இயந்திரம் வந்து போன நேரத்துக்கும் வாடகையான்னு முன்னாலயே பேசி எழுதிருங்க. மூணு இடத்துல விலை கேட்டு எழுத்துல வாங்குங்க. குழுவுல ஒருத்தரோட மச்சானுக்கு இயந்திரம் இருந்தா வேண்டாம்னு இல்ல. ஆனா அந்த முடிவு எடுக்கும்போது அவரு வெளிய இருக்கணும், "இன்னார் உறவு"ன்னு தீர்மான நோட்டுலயும் இருக்கணும்.

மாசக் கணக்கை ஒரே தாள்ல எழுதி ஊராட்சி அலுவலகச் சுவர்லயும் ரேஷன் கடைச் சுவர்லயும் ஒட்டுங்க. கிராம சபை வருசத்துக்கு 6 தடவை வருது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்க கணக்கை வாசிங்க. கோயில் கொடை முடிஞ்சதும் தலைக்கட்டு வரி (குடும்பத்துக்கு இவ்வளவுன்னு வாங்குதது) எவ்வளவு, வில்லுப்பாட்டுக்கு எவ்வளவு, பந்தலுக்கு எவ்வளவுன்னு வாசிக்கக் கேட்டே பழகின சனம் நம்ம சனம். கேள்வி கேக்கத் தெரியும், கேக்க விடுங்க.

பிசானம்:
முடிவெடுப்பது பற்றி. மூன்று வகையாகப் பிரித்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அன்றாட வேலை (யார் எங்கே நிற்பது, சாப்பாடு, இயந்திரம் எந்த மூலையில் தொடங்குவது) அந்தப் பொறுப்பாளரின் முடிவு, தலைவர்கூடக் குறுக்கிடக்கூடாது. பணம், வேலைத் திட்டம், வெளியாட்களோடு ஒப்பந்தம் ஆகியவை குழுக் கூட்டத்தில். மேல், கீழ் ஊர்களைத் தொடுவதும் ஒருவரின் பிழைப்பைத் தொடுவதும் ஊர்க் கூட்டத்தில். எது எந்த வகை என்று சந்தேகம் வந்தால் அதிகம் பேர் கூடி முடிவெடுக்கும் வகையில் போடுங்கள்.

கூட்டத்தில் தலைவர் கடைசியாகத்தான் பேச வேண்டும். உங்களைப் போல ஊரறிந்த ஆர்வமுள்ளவர் முதலில் பேசினால், மாற்றுக் கருத்து உள்ளவர் வாயைத் திறக்க மாட்டார். அவர் எதிர்ப்பது திட்டத்தையாக இருக்கும், ஆனால் குளத்தையே எதிர்ப்பதுபோல ஆகிவிடும். அதனால் பெரிய விஷயங்களுக்கு 5 நிமிடம் எல்லாரும் சீட்டில் எழுதட்டும், பெயர் வேண்டாம். எழுத வராதவருக்கு இன்னொருவர் எழுதிக் கொடுக்கட்டும். வாசித்த பிறகு பேச்சு. "எல்லாருக்கும் சம்மதமா?" என்று கேட்டால் தலை ஆடும், அவ்வளவுதான். "இதில் யாருக்கு என்ன கெடுதல் வரும்?" என்று கேளுங்கள். இன்னொன்று: "அடுத்த தையில் இந்த வேலை தோற்றுப்போய்க் கிடக்கிறது, ஏன்?" என்று ஆளுக்கு ஒரு காரணம் எழுதச் சொல்லுங்கள். வெளிப்படையாகச் சொல்லத் தயங்கியதெல்லாம் அதில் வந்துவிடும்.

இடம் மிக முக்கியம். யார் வீட்டுத் திண்ணையிலும், எந்தத் தெருக் கோயில் வாசலிலும் கூட்டம் வேண்டாம். நம் பக்கத்தில் கூட்டம் எந்தத் தெருவில் என்பதே யார் வரமாட்டார்கள் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது. பள்ளிக்கூடம், ஊராட்சி அலுவலகம், குளத்தங்கரை, இந்த மூன்றில் ஒன்று போதும். எல்லாருக்கும் ஒரே பாய், ஒரே வகைத் தம்ளர். நேரம் மாலை 5 மணி. இரவு 8 மணிக்கு வைத்தால் பெண்கள் வரமாட்டார்கள், காலையில் வைத்தால் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் வரமாட்டார்கள்.

உங்கள் வேகம் பற்றி. ராபர்ட் வாலராண்ட் என்ற கனடா உளவியலாளரும் அவர் குழுவினரும் 2003-இல் ஆர்வத்தை இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்று, வாழ்க்கையின் மற்ற பகுதிகளோடு ஒத்துப்போவது, நாமாக எடுக்கவும் வைக்கவும் முடிவது. மற்றது நம்மை ஆட்டுவிப்பது, விடவே முடியாதது. சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு: வேலை நடக்கும்போதே 10 நாள் முழுக்க ஒதுங்கியிருங்கள், வாட்ஸ்ஆப்பும் பார்க்காமல். வேலை நின்றுவிட்டால் ஏற்பாட்டில் ஓட்டை இருக்கிறது, எங்கே நின்றதோ அந்தப் பொறுப்புக்கு இரண்டாவது ஆளைப் போடுங்கள். வேலை நன்றாக நடந்து அது உங்களுக்கு வருத்தம் தந்தால், அதையும் யோசிக்க வேண்டும். இரவு 9 மணிக்கு மேல் குழுவில் வேலைச் செய்தி போடுவதில்லை, ஞாயிறு வராதவரைப் பெயர் சொல்லிக் கேட்பதில்லை, இந்த இரண்டையும் விதியாக வைத்தாலே பலர் தங்குவார்கள்.

கொக்கிரகுளம்:
வ.உ.சி.யை நினைத்துப் பாருங்கள். 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியை 10 லட்ச ரூபாய் முதலீட்டில், பங்கு 25 ரூபாய் என்று பிரித்துத்தான் தொடங்கினார். ஒரே தனவந்தரின் கம்பெனியாக அது இருக்கவில்லை. 1908 பிப்ரவரி 27-இல் தொடங்கிய தூத்துக்குடிக் கோரல் மில் வேலைநிறுத்தத்திலும் கோரிக்கைகள் தொழிலாளர்களின் நாள்பாட்டிலிருந்து வந்தவை: கூலி, வார விடுமுறை, மற்ற விடுப்பு. உணர்ச்சியை எண்ணிக் கேட்கக்கூடிய கோரிக்கையாக மாற்றியதால் அது வென்றது. அதே வருடம் மார்ச்சில் அவர் கைதானார். 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. ஒரு ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை முன்கூட்டியே திட்டமிட வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

மறுகால்:
கம்பெனி சாஞ்சதுக்கு அவரோட தலைமையைக் காரணமாச் சொல்லக்கூடாது அண்ணாச்சி. எதிர்க் கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்கு இறக்குச்சு, அரசாங்கம் முழு பலத்தோட அமுக்குச்சு. ஆனா ரெண்டாவது ஆள் வேணுங்கிறது சரி. சாவி, அனுமதிக் கடிதத்தோட நகல், ஓட்டுநர் நம்பர், அதிகாரி பழக்கம் எல்லாம் ரெண்டு பேர்கிட்ட இருக்கணும்.

வரத்துக்கால்:
எல்லாருக்கும் நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். வளைகுடாவில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் பணம் அனுப்பத் தயாராக இருக்கிறார்கள், வாங்கலாமா? பணம் தருபவர் ஒருவர் தன் படத்தோடு குளக்கரையில் ஃபிளெக்ஸ் வைக்கக் கேட்கிறார். உள்ளாட்சித் தேர்தல் வந்தால் நிற்பார் என்று பேச்சு.

கணக்குநோட்டு:
இந்தியப் பாஸ்போர்ட் வச்சிருக்கவங்க, தன் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியா அனுப்பினா அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வாங்கலாம், பாஸ்போர்ட் நகல் ஒண்ணு வாங்கிக் கோப்புல வைங்க. வேற நாட்டுக் குடியுரிமை எடுத்தவங்கன்னா, நம்ம ஊர்ப் பிள்ளையாவே இருந்தாலும், வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவு இல்லாம வாங்கக்கூடாது. ஆள் ஆளாக் கேட்டுப் பிரிச்சிருங்க.

ஃபிளெக்ஸ் வேண்டாம். யார் படமும் வேண்டாம், உங்க படமும் சேத்துத்தான். கரையில ஒரு தகரப் பலகை: குளத்துப் பேர், அனுமதி எண், இந்த மாச வரவு, செலவு, கையிருப்பு. தேர்தல்ல நிக்கப்போறவர் யாரா இருந்தாலும் வேட்புமனு குடுக்குத அன்னைக்கே கையெழுத்துப் பொறுப்புல இருந்து விலகணும்னு சங்கத்துத் துணைவிதியில இப்பவே எழுதுங்க. ஆள் முகம் தெரிஞ்சப்புறம் எழுதினா அவருக்கு எதிரா எழுதினதா ஆயிரும். அவரு தாற பணத்துக்கு ரசீது உண்டு, மாசக் கணக்குல எல்லாரு பேரு மாதிரியும் அவரு பேரும் ஒரு வரியில வரும்னு சொல்லிப் பாருங்க. சம்மதிச்சா வாங்குங்க. இல்லன்னா அந்தத் தொகைக்குத் தக்கபடி மடை முன்னால எடுக்குத மண்ணைக் குறைச்சுக்கிட்டு, வரத்துக்கால் வேலையை மட்டும் விடாம முடிங்க.