லாச்சிக்குக் கையால் டவ்டெயில் வெட்டுவது வேலையா, வீம்பா?

கொட்டகலை_பாஸ்:
போன வாரம் ஒரு தம்பி அலுமாரி லாச்சிக்கு (இழுப்பறைக்கு) கையாலேயே டவ்டெயில், அதாவது புறா வால் மாதிரி விரிந்த பல்லைக் கோத்துப் பூட்டுகிற மூலை மூட்டு, வெட்டிப் படம் போட்டிருந்தார். அகலமாக விரிந்த வால்கள், இடையில் மெல்லிய முளைகள், கீழே எல்லோரும் ஆகா ஓகோ. அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பட்டறை வைத்துப் பையன்களுக்குச் சம்பளம் கொடுக்கிறவன் முதலில் கேட்கிற கேள்வியை அங்கே யாருமே கேட்கவில்லை. இதற்கு யார் காசு கொடுப்பார்? ஜிக் என்கிற பல் அச்சைப் பூட்டி, பிட் சுழன்று மரத்தைக் குடைகிற ரூட்டர் மெஷினை ஓட்டினால் ஒரு மூலை சில நிமிட வேலை. கையால் என்றால் கோடு போட்டு, வாள் பிடித்து, உளியால் தட்டி, பொருந்தவில்லை என்று மறுபடி செதுக்கி, ஒரு லாச்சிக்கே அரை நாள் போய்விடும். வாங்க வருகிறவர் லாச்சியை இழுத்துப் பார்ப்பார், சிக்காமல் வந்தால் விலை பேசுவார், அவ்வளவுதான். என்னைக் கேட்டால் இது வீம்பு.

ஊவா_உளி:
பாஸ், அரை நாள் என்பது மொட்டை உளி வைத்திருப்பவன் கணக்கு. லாச்சியின் இரண்டு பக்கப் பலகைகளையும் ஒன்றாக வைஸில் இறுக்கி வால்களை ஒரே வெட்டாக வெட்டினால் பாதி வேலை அங்கேயே குறைந்துவிடும். பிறகு அந்த வாலையே அச்சாக முகப்புப் பலகையின் முனையில் வைத்துக் கத்தியால் கீறி, கோட்டை விட்டுவைத்துக் கழிவுப் பக்கமாக வாளை இறக்கினால் செதுக்குகிற வேலையே பெரிதாக இருக்காது. பலர் அளவுகோலை வைத்து இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக அளக்கிறார்கள், அதனால்தான் பொருந்துவதில்லை.

ரூட்டர் ஜிக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சாதாரண ஜிக்கில் வாலும் முளையும் ஒரே அகலம், இடைவெளியை மாற்ற முடியாது. பல்லின் கணக்குக்கு லாச்சியின் உயரம் ஒத்துவராவிட்டால் ஒரு ஓரத்தில் முழு முளை, மறு ஓரத்தில் கால் முளை என்று அசிங்கமாக நிற்கும். அப்போது லாச்சியின் அளவை ஜிக் தீர்மானிக்கிறது, நீங்கள் இல்லை. மெல்லிய முளையும் அதில் வராது, இரண்டு வாலுக்கு நடுவே பிட்டின் கழுத்து நுழைந்தாக வேண்டுமே.

மொரட்டுவை_ரிட்டர்ன்:
இரண்டு பேருக்கும் வணக்கம். மொரட்டுவையில் பெரிய பட்டறைகளில் வேலை செய்துவிட்டு இப்போது ஹட்டனில் இருக்கிறேன். உண்மையைச் சொன்னால் டவ்டெயிலே வேண்டாம், கையாலும் வேண்டாம் மெஷினாலும் வேண்டாம். நேராகச் சதுரப் பல் வெட்டுகிற பிங்கர் ஜாயின்ட் இருக்கிறது, டேபிள் சோவில் ஒரு கட்டையைப் பூட்டினால் அடுக்கடுக்காக வெட்டித் தள்ளலாம். பசை பிடிக்கிற இடம் அதில் டவ்டெயிலைவிடக் குறைவே இல்லை. இன்றைய வெள்ளைப் பசை சரியாகப் பிடித்தால் மரம்தான் கிழியும், மூட்டு விடாது. பசையை நம்ப முடியாத காலத்தில் மரத்தாலேயே பூட்டுப் போட வேண்டி இருந்தது, எகிப்தியக் கல்லறைகளில் கிடைத்த பெட்டிகளிலேயே இந்த மூட்டு இருக்கிறது. அவர்களுக்குத் தேவை இருந்தது. நமக்கு என்ன தேவை?

ஊவா_உளி:
தேவை கச்சான் காற்று அண்ணே. ஜூன், ஜூலையில் பண்டாரவளைப் பக்கம் வந்து பாருங்கள். தென்மேற்குப் பருவக்காற்று மழையை எல்லாம் உங்கள் ஹட்டன் மலையில் கொட்டிவிட்டு இந்தப் பக்கம் இறங்கும்போது சூடாக, காய்ந்து வரும். அதே மாதத்தில் உங்கள் ஊரில் லாச்சி ஊதிப்போய்த் திறக்காது, எங்கள் ஊரில் சுருங்கி ஆடும். ஹட்டன் மழையில் செய்து லொறியில் ஏற்றிப் பதுளைக்கு அனுப்பிய அலுமாரி இங்கே வந்ததும் மூலை மூலையாக வாய் பிளப்பதைப் பார்த்திருக்கிறேன், எல்லாம் பசையை மட்டும் நம்பிச் செய்தவை. பசை விட்ட பிறகும் லாச்சி லாச்சியாக நிற்க வேண்டும் என்றால் வால் வேண்டும்.

பேராதனை_மரவேலை_ஆசிரியர்:
இரண்டு விஷயம் ஒன்றாகக் கலக்கிறது, பிரித்துவிடுகிறேன். மரம் நீளவாக்கில் அநேகமாக அசையாது, அகலவாக்கில்தான் ஊதும், சுருங்கும். டவ்டெயிலில் இரண்டு பலகையின் நாரும் மூலையைச் சுற்றி ஒரே போக்கில் ஓடுவதால் இரண்டும் சேர்ந்தே ஊதும், சேர்ந்தே சுருங்கும். பிங்கர் ஜாயின்ட்டிலும் அதே கதைதான். ஆகவே காற்று மாறியதால் மட்டும் மூட்டு பிளக்காது தம்பி. இரண்டு பலகையும் ஒரே அளவு காய்ந்திராவிட்டால்தான் பிளக்கும். நம் பக்கத்தில் நடப்பது என்ன? முகப்புக்கு நன்றாகக் காய்ந்த மஹோகனி, பக்கத்துக்கு மரக்காலையில் முந்தாநாள் அறுத்த அல்பீசியா. அல்பீசியா காயும்போது அது மட்டும் சுருங்கும், வாலுக்கும் முளைக்கும் நடுவே வெளிச்சம் தெரியும். அதைக் கையால் வெட்டினாலும் தெரியும், மெஷினால் வெட்டினாலும் தெரியும். ஓர் அங்குலத் தடிப்புப் பலகைக்கு ஒரு வருடம் காற்றில் காயவேண்டும் என்பது பழைய கணக்கு, ஹட்டன் மழையில் அதுகூடப் போதாமல் போகலாம்.

ஆனால் பசை விட்ட பிறகும் நிற்கும் என்று நீங்கள் சொன்னது சரி. பக்கப் பலகையில் வாலும் முகப்பில் முளையும் இருந்தால், லாச்சியை இழுக்க இழுக்க மூட்டு இறுகும். பிங்கர் ஜாயின்ட்டில் அந்தப் பிடிமானம் கிடையாது, பசை போனால் முகப்பு கையோடு வந்துவிடும். மாற்றி வெட்டினால், அதாவது பக்கத்தில் முளை, முகப்பில் வால் என்றால், டவ்டெயில் என்று பெயர்தான் மிஞ்சும். விலை கூடிய தளபாடங்களிலேயே இப்படி மாற்றி வெட்டியதைக் கண்டிருக்கிறேன்.

கொட்டகலை_பாஸ்:
ஐயா சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அந்தப் பிடிமானத்தை ரூட்டர் வெட்டினாலும் கொடுக்கிறதே? முகப்பில் வெளியே தெரியாமல் பாதி மறைத்து வெட்டுகிற மூட்டுக்குத்தான் சாதாரண ஜிக்கைச் செய்திருக்கிறார்கள். என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

லயன்_தச்சன்:
நான் மஸ்கெலியா. தோட்டத்து லயன் காம்பராவுக்கு (வரிசை வீட்டு அறைக்கு) பின்னால் தகரம் போட்டு வேலை செய்கிறவன். பாஸ் அண்ணே, ரூட்டர், ஜிக், பிட் எல்லாம் வாங்குகிற காசை முதலில் யார் தருவார் என்று நானும் கேட்கலாம் இல்லையா. வாங்கினேன் என்றே வையுங்கள், ராத்திரி ஏழு மணிக்குப் பிறகுதான் எனக்கு நேரம், சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் படிக்கிறார்கள், அங்கே ரூட்டரைக் கத்தவிட்டால் மறுநாள் தலைவரிடம் புகார் போகும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அப்போதும் என் வாளும் உளியும் வேலை செய்தன. தூசி வேறு. நான் அதிகம் வேலை செய்வது தேயிலை மலையில் நிழலுக்கு நட்ட கிரெவிலியாவில்தான், அதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பு எடுக்கும், அதைச் சின்னக் காம்பராவில் ரூட்டரால் பொடியாக்கிப் பறக்கவிட முடியுமா? உங்களுக்கு வீம்பாகத் தெரிவது எனக்கு வேறு வழி இல்லாதது.

மொரட்டுவை_ரிட்டர்ன்:
தம்பி சொல்வது நியாயம், அதில் வாதமே இல்லை. ஆனால் கிரெவிலியாவும் அல்பீசியாவும் மெத்து மரம், முனையில் உளி வைத்தாலே நார் நசுங்கிப் பிய்கிறதே. அதிலா மெல்லிய முளை?

லயன்_தச்சன்:
உளி தீட்டினால் பிய்யாது அண்ணே. கண்ணாடித் துண்டில் தண்ணீர்த் தாள் (ஈரமாகத் தேய்க்கிற உப்புத்தாள்) ஒட்டி, 400ஆம் நம்பரில் தொடங்கி 1000 வரை தேய்த்துவிட்டு, பழைய பெல்ட்டில் இரண்டு இழுப்பு. மெத்து மரத்துக்கு வலிய மரத்தைவிடக் கூர் அதிகம் வேண்டும், பலர் தலைகீழாக நினைக்கிறார்கள். அடிக்கோட்டில் ஒரேயடியாக ஓங்கி அடிக்காமல், கழிவைக் கோப்பிங் வாளால் (வளைத்து அறுக்கிற மெல்லிய வாள்) அறுத்து எடுத்துவிட்டு, மீதியை மெல்லிசாகச் சீவினால் போதும். பாதி ஆழம் ஒரு பக்கம், பலகையைத் திருப்பி மீதி மறுபக்கம். சாய்வும் மரத்துக்கு ஏற்ற மாதிரி. மெத்து மரத்துக்கு ஆறுக்கு ஒன்று, தேக்கு பலா போன்றவைக்கு எட்டுக்கு ஒன்று. இன்னும் விரிக்கிறேன் என்று போனால் வாலின் நுனி உடைந்து கையில் வரும்.

என் சந்தேகம் வேறு. ஹார்ட்வெயார் கடையில் வாங்கிய டெனன் வாளில் வெட்டும்போது வெட்டு கோட்டை விட்டு அலைகிறது. ஏன்?

பேராதனை_மரவேலை_ஆசிரியர்:
அந்த வாளின் பல் பெரும்பாலும் குறுக்கே அறுப்பதற்குத் தீட்டியதாக இருக்கும். டவ்டெயில் வெட்டு நாரின் போக்கிலேயே இறங்குகிறது, அதற்கு ரிப் பல் வேண்டும். முக்கோண அரத்தால் பல்லின் முன்முகத்தை நேராக, வாளின் தகட்டுக்குச் செங்குத்தாக மறுபடி தீட்டிக்கொள்ளுங்கள். பல் இரண்டு பக்கமும் அதிகம் வளைந்திருந்தாலும் வாள் தான் வெட்டிய அகலமான பாதைக்குள்ளேயே அலையும், எண்ணெய்க் கல்லைப் பல்லின் இரு பக்கத்திலும் லேசாக ஒரு முறை ஓட்டினால் அது அடங்கும்.

கொட்டகலை_பாஸ்:
லயன் தம்பிக்கு: உன் நிலைமை எனக்குத் தெரியாமல் இல்லை, உனக்குக் கைவேலைதான் சரி. நான் பேசியது பட்டறைக்காரர்களுக்கு.

ஊவா_உளி:
பட்டறைக்காரருக்கே சொல்கிறேன் பாஸ். நான்கு மூலைக்கும் டவ்டெயில் போட வேண்டும் என்று யார் சொன்னது? இழுக்கிற பாரம் முகப்பில்தான் விழுகிறது, அங்கே இரண்டு மூலை மட்டும் கையால் வெட்டுங்கள். பின்பலகையைப் பக்கப் பலகையில் ஒரு காடி எடுத்து இறக்கிவிடலாம். பழைய ஆட்கள் செய்த லாச்சிகள் பலவற்றிலும் அப்படித்தான் இருக்கிறது. நேரம் பாதியாகிவிடும்.

கொட்டகலை_பாஸ்:
அந்தக் காடியை ரூட்டரில் எடுக்கலாம் இல்லையா?

ஊவா_உளி:
தாராளமாக எடுங்கள்.

கொட்டகலை_பாஸ்:
அப்படியானால் முகப்பு மூலை இரண்டுக்கும் மட்டும் தனியாக ஒரு விலை போட்டு, வருகிறவரிடம் இரண்டு மாதிரியையும் காட்டிப் பார்க்கிறேன். மலிவானதைத்தான் எடுப்பார்கள் என்று இப்போதே சொல்லிவைக்கிறேன்.