அப்பாவின் டிஸ்சார்ஜ் புக்கில் பஷ்சிமி ஸ்டார் மெடல் ஏறவில்லை, இப்போது சேர்க்க முடியுமா?

விவேக் நகர் மகள்:

எல்லோருக்கும் வணக்கம். அப்பா 1968-இல் ராணுவத்தில் சேர்ந்து 1985-இல் ஹவில்தாராக வெளியே வந்தவர். சாப்பர், அதாவது பொறியியல் பிரிவுச் சிப்பாய். இப்போது 76 வயதாகிறது, பெங்களூரு விவேக் நகரில் எங்களோடு இருக்கிறார். ரெஜிமென்ட் பெயரை இங்கே போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

1971 போரில் மேற்கு எல்லையில், ஷகர்கர் பக்கம், டாங்கிகள் போவதற்குக் கண்ணிவெடி எடுத்துப் பாதை போடும் வேலையில் இருந்தார். டிசம்பர் 15 ராத்திரி ஷெல் சில்லு இடது கெண்டைக்காலில் பாய்ந்தது. பதான்கோட் மிலிட்டரி ஆஸ்பத்திரி, அங்கிருந்து ரயிலில் பூனா. கால் சரியாக மூன்று மாதத்துக்கு மேல் ஆனது, அப்புறம் வேறு யூனிட்டுக்கு போஸ்டிங் போட்டுவிட்டார்கள்.

போன வாரம் இ.சி.ஹெச்.எஸ். (முன்னாள் ராணுவத்தினர் மருத்துவத் திட்டம்) அட்டை வேலைக்காக, ராணுவத்திலிருந்து வெளியே வரும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புக்கை ஜெராக்ஸ் எடுக்கும்போதுதான் மெடல்கள் எழுதியிருக்கும் பக்கத்தை நிதானமாகப் பார்த்தேன். சைன்ய சேவா மெடல், சங்க்ராம் மெடல், சுதந்திர வெள்ளி விழா மெடல், 9 வருட நீண்ட சேவை மெடல், அவ்வளவுதான். மேற்கு எல்லையில் சண்டை போட்டவர்களுக்குக் கொடுத்த பஷ்சிமி ஸ்டார் அதில் இல்லை. அப்பாவிடம் கேட்டேன். "தெரியும்மா, 1974-லேயே கேட்டேன், வரும் வரும்னு சொன்னாங்க" என்றார். அவர் காயத்தோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பழைய யூனிட் மெடலுக்கான பெயர்ப் பட்டியலைப் போட்டிருக்கிறது, அப்போது அவர் அந்த யூனிட்டின் கணக்கில் இல்லை. புது யூனிட்டோ, பழைய யூனிட் போட்டிருக்கும் என்று விட்டுவிட்டது. இரண்டுக்கும் நடுவில் இவர் பெயர் விழுந்துவிட்டது. சண்டையில் அடிபட்டதாலேயே சண்டைக்கான மெடல் போனது என்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

மெடல் கடையில் கிடைக்கிறது, வாங்கிக் குத்திக்கொள்ளுங்கள் என்று தம்பி சொன்னான். அப்பாவுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை, அன்றைக்குப் பார்த்தேன். "ரெக்கார்டில் இல்லாததை நான் நெஞ்சில் குத்தமாட்டேன்" என்று சொல்லிவிட்டு சாப்பாட்டைப் பாதியில் வைத்து எழுந்துவிட்டார். போரில் வென்ற நாளான டிசம்பர் 16-க்கு ஒவ்வொரு வருடமும் பழைய ஆட்கள் கூடும் இடத்துக்குப் போவார், மற்றவர்கள் எல்லாம் மெடல் வரிசையோடு வருவார்கள், இவர் மட்டும் வெள்ளைச் சட்டை. எனக்கு இத்தனை வருடம் காரணம் தெரியாது.

ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் திருத்த முடியுமா? யாருக்கு எழுத வேண்டும்? அவருக்குக் கை நடுங்குகிறது, அவருக்குப் பதிலாக நான் எழுதலாமா?

கண்டோன்மென்ட் பையன்:

அக்கா, லெட்டர் போட்டுக் காத்திருந்தால் இன்னும் ஐந்து வருடம் போகும். ஒரு வக்கீலைப் பிடித்து நேராக ராணுவத்தினர் வழக்குகளை விசாரிக்கும் ஆர்ம்டு ஃபோர்சஸ் ட்ரிப்யூனலில் கேஸ் போடுங்கள். அப்பாவுக்கு 76 வயது, நேரம் முக்கியம்.

பழைய கிளார்க்:

தம்பி நல்ல மனசோடு சொல்கிறார், ஆனால் அம்மா, தயவுசெய்து முதல் அடியாக அதைச் செய்யாதீர்கள். நான் ராணுவத்தில் கிளார்க்காக 24 வருடம் இருந்தவன், சிப்பாய்களின் போஸ்டிங், காயம் போன்றவற்றைப் பதிவு செய்யும் பார்ட் டூ ஆர்டர் அடித்தே விரல் தேய்ந்தவன். ட்ரிப்யூனல் முதலில் கேட்பதே, ரெக்கார்ட்ஸுக்கு, அதாவது சேவைப் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸுக்கு, எழுதினீர்களா, என்ன பதில் வந்தது என்பதைத்தான். எழுதி, மறுப்பு வந்தால் அந்தத் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் போகலாம். ஆறு மாதம் பதிலே வராவிட்டால் அதற்குப் பிறகும் போகலாம். பாதி விஷயம் ட்ரிப்யூனல் வரை போகாமலே முடிந்துவிடும்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். வீர் சக்ரா, சேனா மெடல் போன்றவை தனிப்பட்ட வீரத்துக்குக் கொடுப்பவை, கெஜட்டில் பெயரோடு வரும், மாதாமாதம் படியும் உண்டு. பஷ்சிமி ஸ்டார் அந்த வகை இல்லை. அந்த இடத்தில், அந்த நாட்களில் சேவையில் இருந்தவர்களுக்கெல்லாம் உரிமையாகச் சேர வேண்டியது. கிழக்கே பூர்வி ஸ்டார், மேற்கே பஷ்சிமி ஸ்டார். அதனால் உங்கள் அப்பா வீரத்தை நிரூபிக்க வேண்டியதில்லை, அங்கே இருந்தார் என்பதை மட்டும் காட்டினால் போதும். பணம் எதுவும் வராது, கௌரவம் மட்டும்தான் வரும். அவர் கேட்பதும் அதைத்தானே.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நீங்கள் எழுதியதைப் படித்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். யூனிட் பட்டியலில் பெயர் இல்லை, சரி. ஆனால் அவர் காயம் பட்டபோது இன்னொரு காகிதம் கட்டாயம் உருவாகியிருக்கும். சண்டையில் அடிபட்டால் யூனிட் அதைப் பேட்டில் கேஷுவல்ட்டி என்று அறிக்கை அனுப்ப வேண்டும், பார்ட் டூ ஆர்டர் வெளியாகும், அவருடைய சேவைப் பதிவேடான ஷீட் ரோலில் ஏறும், வீட்டுக்குத் தந்தி போகும். ஆஸ்பத்திரியிலும் எந்தத் தேதியில் எங்கிருந்து கொண்டுவந்தார்கள், என்ன காயம் என்று எழுதுவார்கள். 1971 டிசம்பர் 15-ஆம் தேதி ஷெல் சில்லுக் காயத்தோடு பதான்கோட்டுக்கு வந்த ஒரு சாப்பர் வேறு எங்கே இருந்திருக்க முடியும்? எந்த ஆஸ்பத்திரி அவரைப் பட்டியலிலிருந்து எடுத்ததோ அதே ஆஸ்பத்திரிக் காகிதம்தான் இப்போது அவருக்குச் சாட்சி. வீட்டில் தேடுங்கள். பழைய தந்தி, மெடிக்கல் போர்டு காகிதம், விடுப்புச் சான்றிதழ், எதுவாக இருந்தாலும் சரி.

விண்ணப்பம் அப்பா பெயரில், ரெக்கார்ட் ஆபீஸின் பொறுப்பதிகாரிக்குப் போக வேண்டும். நீங்கள் டைப் அடியுங்கள், கையெழுத்து அவர் போடட்டும், நடுங்கினால் நடுங்கட்டும். ஆர்மி நம்பர், ரேங்க், எந்தத் தேதியிலிருந்து எதுவரை எந்த யூனிட், பி.பி.ஓ. (பென்ஷன் ஆணை) நம்பர், இவை டிஸ்சார்ஜ் புக்கில் இருப்பது போலவே இருக்கட்டும். கதை முழுக்க எழுத வேண்டாம், ஒரு பக்கம் போதும். ஷீட் ரோலையும் கேஷுவல்ட்டி பார்ட் டூ ஆர்டரையும் சரிபார்த்துப் பஷ்சிமி ஸ்டாரைப் பதிவில் சேர்க்க வேண்டும், மெடலை வழங்க வேண்டும், டிஸ்சார்ஜ் புக்கிலும் திருத்தம் போட வேண்டும் என்று மூன்றையும் தெளிவாகக் கேளுங்கள். வெறுமனே "மெடல் வேண்டும்" என்று எழுதினால் மெடல் வரும், புக் அப்படியே கிடக்கும், அப்புறம் அதற்கு ஒரு அலைச்சல். நேரடி எதிரித் தாக்குதலில் காயம் பட்டவர்களுக்கு வூண்ட் மெடல் என்று தனியாக ஒன்று உண்டு, அதுவும் அவர் புக்கில் இல்லை. அதே விண்ணப்பத்தில் அதையும் கேளுங்கள்.

ஐம்பது வருடம் ஆகிவிட்டதே, கோப்பு இருக்குமா என்று பயப்படலாம். பென்ஷன் இல்லாமல் போனவர்களின் ஆவணங்களை 25 வருடத்துக்குப் பிறகு அழித்துவிடுவார்கள், லாங் ரோல் என்ற சுருக்கமான பெயர்ப் பதிவேடு மட்டும்தான் மிஞ்சும். அப்பா பென்ஷன் வாங்குகிறவர், அவர் கோப்பை அதைவிட நீண்ட காலம் வைத்திருப்பார்கள். தாமதம் செய்யாமல் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, ஷீட் ரோல் நகலையும் 1971 டிசம்பர் முதல் 1972 வரை அவர் பெயரில் வந்த பார்ட் டூ ஆர்டர்களின் நகலையும் கேட்டுவிடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். அவருடைய சொந்தத் தகவல் என்பதால் அதிலும் அவரே கையெழுத்துப் போட வேண்டும்.

ஜாலஹள்ளி அக்கா:

பழைய கிளார்க் ஐயா சொன்னது எல்லாம் சரி, நான் ஒன்றே ஒன்று சேர்க்கிறேன், ஏனென்றால் எனக்கு ஆறு மாதம் போனதே அதில்தான். என் கணவர் ஏர்ஃபோர்ஸ். நம் ஊர்ப் பெயருக்கு முன்னால் ஓர் இனிஷியல், அவ்வளவுதான், ஆனால் சர்வீஸ் பதிவில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் போயிருக்கும், ஆதாரில் அதை விரித்து அப்பா பெயரையே முதல் பெயராக்கியிருப்பார்கள், பேங்க் பாஸ்புக்கில் மூன்றாவது மாதிரி. சேர்ந்த நாளில் வடநாட்டு கிளார்க் காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப் பெயரை எங்கள் ஊர்க்காரர்களே படிக்க முடியாது. என் விண்ணப்பம் பெயர் பொருந்தவில்லை என்று அப்படியே திரும்பி வந்தது. முத்திரைத் தாளில், இந்த இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று ஒரு அஃபிடவிட் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கி முதல் தடவையே சேர்த்து வையுங்கள் தங்கச்சி. அப்புறம் முன்னாள் ராணுவத்தினருக்கான மாவட்ட நல அலுவலகமான ஜில்லா சைனிக் போர்டுக்கு அப்பாவையும் கூட்டிக்கொண்டு நேரில் போங்கள். அவர்கள் முகப்புக் கடிதம் வைத்து அனுப்பினால் விண்ணப்பத்துக்கு ஒரு கனம் வரும், பதில் வராவிட்டால் நினைவூட்டவும் ஆள் இருக்கும்.

விவேக் நகர் மகள்:

ஐயா, அக்கா, எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நேற்று ராத்திரி பரணில் இருந்து அப்பாவின் கருப்பு டிரங்குப் பெட்டியை இறக்கினோம். மூடியில் வெள்ளை பெயின்டில் அவர் நம்பரும் பெயரும் இன்னும் அழியவில்லை. அடியில் விரித்திருந்த செய்தித்தாளுக்குக் கீழே பாட்டியின் மஞ்சள் பை, அதற்குள் தந்தி. மடிப்பு விட்டுப்போய் நான்கு துண்டாக வருகிறது. தந்தி வந்த அன்றைக்குப் படிக்கத் தெரிந்தவர் யாருமே தெருவில் இல்லாமல், பாட்டி அதைக் கையில் வைத்துக்கொண்டு போஸ்ட் மாஸ்டர் வீடு வரை ஓடினாளாம், இதை அப்பா எனக்கு நேற்றுத்தான் சொன்னார். கூடவே ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது கொடுத்த ஒரு பழுப்புச் சீட்டு. தேதி 1971 டிசம்பர் 16, இடது கால் ஷெல் சில்லுக் காயம், பக்கத்தில் சிவப்பு மையில் "பி.சி." என்று இரண்டே எழுத்து. அது என்ன ஐயா?

தம்பியும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். கடையில் வாங்கலாம் என்று சொன்னதற்கு அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டான்.

பழைய கிளார்க்:

அம்மா, அதுதான். பி.சி. என்றால் பேட்டில் கேஷுவல்ட்டி. அந்த இரண்டு எழுத்தைத்தான் நான் தேடச் சொன்னேன்.

அந்தச் சீட்டை லேமினேட் செய்துவிடாதீர்கள், நிறைய பேர் ஆசையாகச் செய்து கெடுத்துவிடுகிறார்கள். தந்தியின் துண்டுகளை ஒரு வெள்ளைத் தாளில் பொருத்தி வைத்து, பசை ஒட்டாமல் அப்படியே கலர் ஜெராக்ஸ் எடுங்கள். நகல்களில் கெஜட்டட் அதிகாரியிடம் அட்டஸ்ட் வாங்கி, ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். ஒரிஜினல் சீட்டு, தந்தி, டிஸ்சார்ஜ் புக் எதையும் தபாலில் அனுப்ப வேண்டாம். ரெக்கார்ட்ஸ் எழுத்தில் கேட்டால் மட்டும் நேரில் கொண்டுபோய் ஒப்புதல் வாங்கிக்கொண்டு கொடுங்கள். அப்பாவோடு அந்தக் கம்பெனியில் இருந்தவர் யாராவது உயிரோடு இருந்தால் அவரிடமும் ஓர் அஃபிடவிட் வாங்குங்கள், டிசம்பர் 16-க்கு வருகிறவர்களில் ஒருவர் போதும்.

விவேக் நகர் மகள்:

இருக்கிறார் ஐயா. அப்பாவைத் தோளில் போட்டுக் கண்ணிவெடிக் கோட்டுக்கு வெளியே தூக்கி வந்தவரே கே.ஜி.எஃப்.-இல் (கோலார் தங்கவயல்) இருக்கிறார். அப்பா இப்போது போனில் அவரோடுதான் பேசிக்கொண்டிருக்கிறார், முக்கால் மணி நேரமாக. திங்கட்கிழமை சைனிக் போர்டுக்குப் போகிறோம்.