முட்டை சேர்க்காத அச்சு முறுக்கு அச்சிலிருந்து கழலவில்லை: வழி சொல்லுங்கள்

நாகர்கோவிலில் உள்ள எங்கள் குடும்ப வீட்டில் டிசம்பர் 24 அன்று பெரியப்பா, சித்தப்பா, அத்தை குடும்பங்கள் அனைத்தும் கூடுகின்றன. நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்ததும் பிள்ளைகளுக்கு முதலில் அச்சு முறுக்கு கொடுப்பது எங்கள் வழக்கம். இவ்வாண்டு அத்தை மகளின் மூன்று வயதுக் குழந்தைக்கு முட்டை ஒவ்வாமை இருப்பதை மருத்துவர் உறுதிசெய்துள்ளார். அவளுக்கு மட்டும் தனியாகச் செய்தால் மற்றப் பிள்ளைகள் தங்கள் பங்கை அன்பாக ஊட்டிவிடுவார்கள் என்பதால், மொத்தத்தையும் முட்டையின்றிச் செய்யத் தீர்மானித்தோம். பாட்டிக்கு இதில் முழுச் சம்மதமில்லை.

ஊறவைத்து அரைத்த பச்சரிசி மாவு, முதல் தேங்காய்ப்பால், சர்க்கரை, கறுப்பு எள், உப்பு ஆகியவையே கலவை. அச்சு, நீண்ட கைப்பிடியுள்ள பூ வடிவப் பித்தளை அச்சு. எண்ணெயில் மூழ்கியதும் மாவு அச்சோடு ஒட்டிக்கொள்கிறது. குச்சியால் தள்ளினால் இதழ்கள் உடைகின்றன.

அச்சை இரவு முழுவதும் எண்ணெயில் ஊறவைத்தோம்; ஒவ்வொரு முறையும் நன்றாகச் சூடேற்றி, மேல்விளிம்பு மூழ்காதபடி மாவில் தோய்த்தோம்; சர்க்கரையைக் குறைத்தோம்; இரும்பு அச்சு ஒன்றை இரவல் வாங்கியும் பார்த்தோம். நான்கில் ஒரு பங்கு மைதா சேர்த்தபோது மட்டும் கழன்றது, ஆனால் மறுநாளே நமத்துப்போயிற்று. பலகாரம் புத்தாண்டு வரை தாங்க வேண்டும்.

முட்டையின்றிச் செய்து பழகியவர்கள் கூறுங்கள்: ஒரு கிலோ பச்சரிசி மாவுக்கு எதை, எந்த அளவில் சேர்த்தால் முறுக்கு உடையாமல் கழன்று, ஒரு வாரம் மொறுமொறுப்பாக இருக்கும்?