தோல் பைண்டிங் முதுகிலிருந்து சிவப்புப் பொடி உதிர்கிறது, எண்ணெய் தடவலாமா?

பழங்கட்டு கேட்டது:
பிரான்சிஸ் பேக்கனின் கட்டுரைத் தொகுப்பு. முழுத்தோல் பைண்டிங், கன்றுத்தோல் போலத் தெரிகிறது, முதுகில் பொன்னெழுத்து. கையில் எடுத்தாலே செங்கல் நிறப் பொடி ஒட்டுகிறது. முன்னட்டை, முதுகைச் சேரும் மடிப்பில் மேலிருந்து இரண்டு அங்குலம் பிளந்திருக்கிறது. உள்ளே தையல் கயிறு விடவில்லை. மாட்டுக்கால் எண்ணெயும் லனோலினும் கலந்த லெதர் கண்டிஷனர் தடவினால் சரியாகும் என்கிறார்கள். தடவலாமா? பிளவுக்கு வெள்ளைப் பசை போதுமா? இன்னொன்று: தலைப்புப் பக்கத்தின் அடியில் ரோமன் எண்ணில் 1862, சமர்ப்பணத்துக்குக் கீழே 1625. எதை நம்புவது?

கீலும்நூலும்:
எண்ணெய் வேண்டவே வேண்டாம். இது வறட்சி இல்லை, 'ரெட் ராட்'. தாவரச் சாற்றில் பதனிட்ட தோல் காற்றிலுள்ள கந்தக டை ஆக்சைடை உறிஞ்சி, உள்ளுக்குள்ளேயே கந்தக அமிலமாக்கிக்கொள்கிறது. அந்த அமிலம் நாரை அறுக்கிறது. அறுந்த நாரை எந்த எண்ணெயும் ஒட்டவைக்காது, அமிலத்தையும் முறிக்காது. பதிலாக அட்டை வழியே இறங்கி முதல் தாள்களில் கறையாகும், தூசியை இழுக்கும், சில மாதத்தில் மேலே வெள்ளைப் பூப்பாகப் படியும். நூலகங்களே ஒரு காலத்தில் வழக்கமாக எண்ணெய் பூசிவந்து, பிறகு கைவிட்ட முறை இது.

போன நாரைத் திருப்ப முடியாது, உதிர்வதை நிறுத்தலாம். அதற்கு ஹைட்ராக்ஸிப்ரொப்பைல் செல்லுலோஸ், 'க்ளூசெல் ஜி' என்று விற்கிற தூள். 100 மி.லி. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலுக்கு 2 கிராம். கலக்கிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள், மொத்தமாகக் கொட்டினால் கட்டிதட்டிவிடும். மூடி ஓர் இரவு வைத்தால் கஞ்சித்தண்ணி பதத்துக்கு வரும்.

பூசுமுன் மென்மையான தூரிகையால் தளர்ந்த பொடியைத் தட்டிவிடுங்கள். அட்டைக்கும் தாளுக்கும் நடுவே பாலியெஸ்டர் ஷீட் வையுங்கள். அட்டையின் உள்பக்கம் மடித்து ஒட்டிய தோலின் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். மெல்லிய ஒரு பூச்சு. ஈரத்தில் நிறம் கறுக்கும், காய்ந்தால் பெரும்பாலும் திரும்பிவிடும். ஒரு மணி நேரம் கழித்து வெள்ளைத் துணியால் லேசாக ஒற்றிப் பாருங்கள். இன்னும் சிவப்பு ஏறினால் இரண்டாவது பூச்சு. அதற்கு மேல் போனால் பளபளப்புத் தட்டும், பார்க்கச் சகிக்காது. ஜன்னலைத் திறந்துவையுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது.

தாள்மணம்:
மேலே சொன்னதில் ஒரு திருத்தம்: ஆல்கஹால் 99% ஆக இருக்க வேண்டும். மருந்துக்கடை 70% பாட்டிலில் மீதி தண்ணீர். ரெட் ராட் பிடித்த தோலில் தண்ணீர் பட்ட இடம் கறுத்து, சுருங்கி, ஓடு மாதிரி இறுகிவிடும். ஈரத்துணியால் துடைப்பதும் இதனால்தான் கூடாது. பொன்னெழுத்தைச் சுற்றி நிறுத்திக்கொள்ளுங்கள். அதன் மேல் ஷெல்லாக் வார்னிஷ் இருந்தால் ஆல்கஹால் கரைத்துவிடும், தங்கமும் கூடவே போகும்.

வெள்ளைப் பசையை மறந்துவிடுங்கள். காய்ந்தால் மடிப்பு விறைக்கும், அட்டையைத் திறக்கும்போது பசைக்கு ஒட்டினாற்போல இருக்கும் நல்ல தோல் கிழியும். பின்னால் எடுக்கவும் வராது. முறையான வேலை ஜப்பானிய மெல்லிதாளும் கோதுமை ஸ்டார்ச் பசையும்தான். ஆனால் அந்தப் பசையிலும் தண்ணீர் உண்டு, தோலை முதலில் கெட்டிப்படுத்தாமல் தொடக்கூடாது. பழகிய கை செய்ய வேண்டியது. கயிறு விடாதவரை, வெளுக்காத பருத்தி நாடாவால் சுற்றி, முடிச்சை முதுகிலோ அட்டையிலோ போடாமல் தாள்கள் திறக்கும் பக்கத்தில் போட்டுவைத்தால் போதும்.

அச்சுக்கோப்பு:
வருடக் கேள்விக்கு: இரண்டும் சரி. பேக்கன் 1597இல் 10 கட்டுரைகளோடு தொடங்கினார், 1612இல் 38, 1625இல் 58. சமர்ப்பணத்தின் கீழுள்ளது அந்த மூன்றாவது பதிப்பின் வருடம். பொருளடக்கத்தில் 58 தலைப்பு எண்ண முடிந்தால் உங்களிடம் இருப்பது அந்தப் பாடம், 1862இல் அச்சானது. உள்ளே 'எஸ்' எழுத்து 'எஃப்' போல நீண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த வடிவம் 1800ஐ ஒட்டி வழக்கொழிந்தது. 1862 அச்சில் இருந்தால் பழைய பாணியை வேண்டுமென்றே போலச்செய்தது.

பைண்டிங் அதே வருடம்தான் என்று எண்ணிவிடாதீர்கள், பிறகும் கட்டியிருக்கலாம். தோல் பழசானதால் உதிர்கிறது என்பதும் தவறு. 1600களின் தோல் பல சமயம் 1800களின் தோலைவிடத் திடமாக இருக்கும். லண்டன் சொஸைட்டி ஆஃப் ஆர்ட்ஸ் அமைத்த குழு 1900களின் தொடக்கத்திலேயே இதை ஆராய்ந்தது. சாயமிடும்போது சேர்த்த கந்தக அமிலம், வாயு விளக்குப் புகை, இரண்டும் குற்றவாளிகள்.

பழங்கட்டு:
நன்றி. பூசியபின் எப்படி வைப்பது? பிளாஸ்டிக் உறை போடலாமா?

தாள்மணம்:
பிவிசி கூடாது, அதிலுள்ள மென்மையாக்கி கசிந்து தோலில் ஒட்டும். பாலியெஸ்டர் உறை சரி, அமிலமற்ற அட்டைப்பெட்டி இன்னும் மேல். ஈரப்பதம் 40 முதல் 50% வரை. 65% தாண்டினால் பூஞ்சை. படிக்கும்போது 90 பாகைக்குமேல் விரிக்காமல் இரண்டு பக்கமும் சுருட்டிய துண்டு வைத்துத் தாங்குங்கள். அலமாரியிலிருந்து எடுக்கும்போது முதுகின் உச்சியில் விரல் போட்டு இழுக்காதீர்கள். பக்கத்துப் புத்தகங்களைச் சற்று உள்ளே தள்ளி, நடு முதுகைப் பிடித்து எடுங்கள். கையுறை தேவையில்லை, கழுவி நன்றாக உலர்த்திய கை போதும்.