உதவி: 'அவுட்புட் உருவாகவில்லை' என்கிறது சாஸ் (புள்ளியியல் மென்பொருள்), ஆனால் 10 வரியும் வந்திருக்கிறதே?

ரோஸ்ஹில்காரி:
வணக்கம். மொரீஷியஸின் 9 மாவட்டங்கள், கூடவே ரொட்ரிக்ஸ் தீவு, ஆக 10 இடங்களில் சர்க்கரை நோய்ப் பரிசோதனை பற்றிப் படிவம் நிரப்பி வாங்கினோம். ஆண்-பெண், பரிசோதித்துக்கொண்டவர்-கொள்ளாதவர் என்று இடத்துக்கு ஒரு கை-ஸ்கொயர் (இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்கும் சோதனை), சாஸின் பிராக் ஃப்ரீக் கட்டளையில். மேக்ரோ (நான் எழுதிய தானியங்கி நிரல்) ஒவ்வோர் இடமாக எடுத்து, ஓடிஎஸ் அவுட்புட்டில் (முடிவு அட்டவணையைக் கோப்பாக்கும் வசதி) அட்டவணையைப் பிடித்து, இடத்தின் பெயர் சேர்த்து ஒரே கோப்பில் ஒட்டுகிறது. சிவப்பு எரர் எதுவும் இல்லை. லாகின் (ஓட்டப் பதிவு) கடைசியில் மட்டும் பச்சையில் வார்னிங்: கைஸ்க் (கை-ஸ்கொயர் முடிவு அட்டவணை) உருவாகவில்லை, பெயரைச் சரிபார், நோபிரிண்ட் இருக்கிறதா பார். விட்டுவிடலாமா? வெள்ளிக்கிழமை பேராசிரியரிடம் காட்ட வேண்டும்.

போர்ட்லூயிஸ் தம்பி:
அக்கா, நோபிரிண்ட்டை எடுத்துவிடுங்கள். அது இருந்தால் அட்டவணையே உருவாகாது, ஓடிஎஸ் எதைப் பிடிக்கும்? திரை நிரம்புகிறதென்றால் ஓடிஎஸ் எக்ஸ்க்ளூட் ஆல் போடுங்கள். திரையில் காட்டாது, கோப்புக்குப் போவதைத் தடுக்காது. பெயரில் சந்தேகமென்றால் ஓடிஎஸ் டிரேஸ் ஆன், உருவாகும் அட்டவணைகளின் பெயரை லாகில் காட்டும்.

ரோஸ்ஹில்காரி:
நோபிரிண்ட் எங்குமே இல்லை தம்பி. பெயர் தப்பென்றால் 10 தடவையும் வார்னிங் வந்திருக்குமே.

மோக்கா மாமா:
சரியாகக் கேட்டாயம்மா. வார்னிங்குக்கு மேலே நீலத்தில் ஒரு நோட் இருக்கும், அதைப் படி. அப்புறம் கடைசி இரண்டு வரியின் பி-மதிப்பை (சோதனை முடிவாக வரும் நிகழ்தகவு எண்) சொல்.

ரோஸ்ஹில்காரி:
'பால்' (ஆண்-பெண்) மாறியில் இரண்டுக்குக் குறைவான வகைகள்தான் உள்ளன, புள்ளியியல் கணக்கிடவில்லை என்கிறது. பி-மதிப்பு சவான் மாவட்டத்துக்கு 0.0312. ரொட்ரிக்ஸுக்கு... 0.0312. ஐயோ.

மோக்கா மாமா:
அதேதான். ரொட்ரிக்ஸில் வந்ததெல்லாம் ஒரே பால், ஒப்பிட ஆளில்லை. கை-ஸ்கொயர் பிறக்கவில்லை. ஆனால் சவானுக்குப் பிடித்த கைஸ்க் கோப்பு வொர்க்கில் (சாஸின் தற்காலிகக் கிடங்கு) அப்படியே கிடந்தது. உன் மேக்ரோ அதன் மேல் ரொட்ரிக்ஸ் என்று எழுதி ஒட்டிவிட்டது. முதல் இடத்திலேயே இப்படி நடந்திருந்தால் கோப்பே இல்லையென்று சிவப்பில் கத்தியிருக்கும் (முந்தைய ஓட்டத்தின் மிச்சம் இல்லாவிட்டால்). கடைசியில் வந்ததால் சத்தமில்லாமல் நுழைந்துவிட்டது. நானும் ஒருமுறை இப்படி மாட்டியிருக்கிறேன், அச்சுக்குப் போன பிறகு.

ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் பிராக் டேட்டாசெட்ஸ் வைத்துப் பழைய கைஸ்க்கை அழி. ஒட்டுவதற்கு முன் எக்சிஸ்ட் ஃபங்ஷனால் கோப்பு இருக்கிறதா என்று கேள். இல்லையென்றால் பி-மதிப்பைக் காலியாக விட்டு இடத்தின் பெயரை மட்டும் சேர். ஓடிஎஸ் எக்ஸ்க்ளூட் ஆல் போட்டால் முடிந்ததும் எக்ஸ்க்ளூட் நன் போட மறக்காதே. இல்லையென்றால் நாளை திரையில் ஒன்றுமே வரவில்லை என்று இன்னோர் இழை தொடங்குவாய்.

ரோஸ்ஹில்காரி:
மாமா, இப்போது ரொட்ரிக்ஸுக்கு ஒரு புள்ளி (மதிப்பு இல்லை என்பதற்கு சாஸின் குறி) மட்டும் வருகிறது. படிவங்களை எடுத்துப் பார்த்தேன்: 14 படிவம், 14 பேரும் பெண்கள். தோழி அங்குள்ள போர்ட் மாத்துரின் ஊரின் சனிக்கிழமைச் சந்தையில் ஊறுகாய் விற்கும் அக்காமார்களிடம் மட்டுமே கேட்டிருக்கிறாள்.