கிடை சூரிய கடிகாரம்: மணிக்கோடு ஒத்து வரலை, அவசர உதவி

கெடிலக்கரை:
வணக்கம். பள்ளிக் கண்காட்சிக்குப் பிள்ளைங்களோட சேர்ந்து சூரிய கடிகாரம் செய்றேன், தரையில படுக்கையா வைக்கிற வகை. ஸ்கேல், கவராயம், பாகைமானி மட்டும் வெச்சுக் கோடு போட்டோம். 11, 12, 1, 2 எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு நிக்குது. 5 மட்டும் எங்கேயோ போகுது. நேரமும் பொருந்தலை. வெள்ளிக்கிழமை வைக்கணும். எங்கே தப்பு?

வில்லியனூர்வாசி:
எந்த ஊர் சார்? நிழல் விழ வைக்கிற சாய்வு முள் என்ன கோணம்? எந்த மாசம் பார்த்தது? முந்துதா பிந்துதா, எத்தனை நிமிஷம்? இது தெரியாம ஒண்ணும் சொல்ல முடியாது.

வடக்குநோக்கி:
திசைகாட்டியை நம்பியிருப்பீங்க. அதுதான் காரணம். அது காட்டுறது காந்த வடக்கு. ஒரு குச்சியை நேரா நட்டு, அதைச் சுத்தி வட்டம் போடுங்க. முற்பகல்ல நிழல் நுனி வட்டத்தைத் தொடுற புள்ளியையும் பிற்பகல்ல தொடுற புள்ளியையும் சேர்த்தா கிழக்கு மேற்கு கிடைக்கும். ஸ்தபதிங்க மனைக்குத் திசை பார்க்கிறது இப்படித்தான்.

காலக்கணிதன்:
இதைப் பலமுறை எழுதியாச்சு, தேடிப் படிக்கிற பழக்கம்தான் யாருக்கும் இல்லை. நம்ம கைக்கடிகாரம் 82½ டிகிரி தீர்க்கரேகையோட நேரம். இந்தப் பக்கம் சூரியன் சுமார் 11 நிமிஷம் தாமதம். இது பிப்ரவரி நடு, சூரியனே இன்னொரு 14 நிமிஷம் பிந்துற காலம். ஆக 25 நிமிஷம். கோட்டுல தப்பில்லை, புரிதல்லதான் தப்பு.

கெடிலக்கரை:
கடலூர், மஞ்சக்குப்பம். முள் 11¾ டிகிரி, எங்க ஊர் அட்சரேகை அளவு. நேத்துப் பார்த்தது: மணி காலை 11 ஆனப்போ நிழல் 10.25 காட்டிச்சு. மதியம் 1-க்கு 12.45 கிட்ட. மாலை 4.30-க்கு 4.08 இருக்கும். எப்பவும் 25 நிமிஷம்னா மூணும் ஒரே மாதிரி வரணுமே ஐயா?

காலக்கணிதன்:
பார்த்தவர் கண் பிழை. நெருக்கமான கோட்டுல கால் மணி இப்படி அப்படித் தெரியும்.

வில்லியனூர்வாசி:
கண் பிழைன்னா ஒழுங்கு இருக்காது. இதுல காலையில 35, மதியம் 15, சாயங்காலம் 22. ஏதோ ஒரு காரணம் இருக்கு.

முதல்ல கோட்டைச் சரிபார்த்துடலாம். முள்ளோட அடி O. அதிலிருந்து வடக்கே 12 மணிக் கோடு, அதுல 30 செ.மீ. தள்ளி A. O-வில் 11¾ டிகிரியில முள்ளின் சாய்வை ஒரு கோடா வரைஞ்சு, A-யிலிருந்து அந்தச் சாய்வுக் கோட்டுக்குச் செங்குத்து இறக்குங்க. நீளம் 6.1 செ.மீ. வரும். அதே நீளத்தை 12 மணிக் கோட்டுல A-யைத் தாண்டி வடக்கே வெச்சா C. இனி A வழியா கிழக்கு மேற்கா ஒரு கோடு. C-யில் 15, 30, 45, 60, 75 டிகிரி வெச்சு அந்தக் கோட்டை வெட்டி, வெட்டின புள்ளிகளை O-வோட சேர்க்கணும். O வழியா போற கிழக்கு மேற்குக் கோடு 6 மணி.

A-யிலிருந்து புள்ளிகள் 1.6, 3.5, 6.1, 10.6, 22.8 செ.மீ. வந்தா சரி. O-வில் கோணம் 3.1, 6.7, 11.5, 19.4, 37.2 டிகிரி. பூமத்திய ரேகைக்கு இவ்வளவு கிட்ட இருக்கிற ஊருக்கு 12-ஐ ஒட்டி நெருங்கித்தான் நிக்கும். லண்டன்ல 1 மணிக்கோடே 12 டிகிரி தள்ளிப் போயிடும். அந்தப் படத்தைப் பார்த்துட்டு இதைப் பார்த்தா தப்பு மாதிரிதான் தெரியும்.

திசைகாட்டியும் காரணமில்லை. நம்ம பக்கம் அதோட விலகல் ரெண்டு டிகிரிக்கும் குறைவு. பலகை, முள் எல்லாம் சேர்ந்து அவ்வளவு திரும்பினாலும் இந்த மாசம் மூணு நாலு நிமிஷம்தான் மாறும்.

துறைமுகத்தான்:
25 நிமிஷத்தை ஏன் சுமக்கணும்? 82½-க்கும் கடலூர் தீர்க்கரேகைக்கும் உள்ள வித்தியாசம் 2¾ டிகிரி, பலகையையே அவ்வளவு திருப்பி வெச்சா அந்த 11 நிமிஷம் போயிடுமே.

காலக்கணிதன்:
போகாது. படுக்கைப் பலகையில மணிக்கோடுகள் சம இடைவெளி இல்லை, முள்ளும் துருவத்தை விட்டு விலகிடும். திருப்பிச் சரிசெய்றது நிலநடுக்கோட்டுக்கு இணையா சாய்ச்ச தட்டுல மட்டும்தான் நடக்கும். வேணும்னா C-யில் கோணம் வைக்கும்போதே 2¾ டிகிரி தள்ளி வைக்கலாம். ஆனா அது எதுக்கு? 1906-க்கு முன்னாடி ரயில் ஓடினதே மெட்ராஸ் நேரத்துல. அதுக்கும் கடலூர் சூரியனுக்கும் ரெண்டு நிமிஷம்தான் வித்தியாசம். சூரியன் சொல்றதைச் சூரியன் நேரமாவே காட்டணும்.

துறைமுகத்தான்:
கண்காட்சிக்கு வர்ற அப்பா அம்மா போனை எடுத்துப் பார்ப்பாங்க. "ஓடலை"னு சொல்லிட்டுப் போயிடுவாங்க.

காலக்கணிதன்:
பக்கத்துல மாதவாரியா ஒரு அட்டவணை ஒட்டினா படிச்சுக்குவாங்க. நவம்பர் தொடக்கத்துல சூரியன் 16 நிமிஷம் முந்தும். அதை எந்தக் கோட்டுல போடுவீங்க?

தச்சன்மகன்:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். முள் எதுல வெட்டினது? கனம் என்ன?

கெடிலக்கரை:
6 மி.மீ. ப்ளைவுட். 12 மணிக் கோட்டுக்கு நடுவா நிறுத்தியிருக்கு.

தச்சன்மகன்:
அப்போ அதுதான் சார். நிழல் விழறது முள்ளோட கனத்துக்கு நடுவுல இருந்து இல்லை, ஓரத்துல இருந்து. காலையில மேற்கு ஓரம், மதியத்துக்கு மேல கிழக்கு ஓரம். நீங்க நடுவுல இருந்து கோடு போட்டதால நிழல் எப்பவும் 12-ஐ விட்டு 3 மி.மீ. வெளியே நிக்கும். 1 மணிக்கோடே 16 மி.மீ.தான் தள்ளி இருக்கு, அதுல 3 மி.மீ.ன்னா பத்து நிமிஷத்துக்கு மேல. காலையில கூடுதலா பிந்தும், மதியம் அதே அளவு முந்தும். சாயங்காலம் கோடு அகலமா இருக்கிறதால ரெண்டு மூணு நிமிஷத்தோட போயிடும். உங்க 35, 15, 22 அப்படியே வந்துடுச்சு பாருங்க.

படத்தை 12 மணிக் கோட்டுல ரெண்டா வெட்டி, நடுவுல 6 மி.மீ. இடைவெளி விட்டு ஒட்டுங்க. முள் அந்த இடைவெளியில நிக்கட்டும். மறுபடி வரைய வேண்டாம்.

வில்லியனூர்வாசி:
சரியா பிடிச்சீங்கண்ணே. முள் அந்த இடைவெளியில கோணாம நிக்கணும். படத்துக்கும் முள்ளுக்கும் நடுவுல ஒரு டிகிரி கோணினா 12 கிட்ட இருபது நிமிஷம் போயிடும்.

வடக்குநோக்கி:
இருந்தாலும் வடக்கை நிழல் வெச்சே பாருங்க.

கெடிலக்கரை:
வெட்டி ஒட்டியாச்சு. 11-க்கு 10.35, 1-க்கு 12.35. அட்டவணையும் ஒட்டுறோம். எல்லாருக்கும் நன்றி.

துறைமுகத்தான்:
போட்டோ போடுங்க சார். கடற்காத்துக்கு அந்த ப்ளைவுட் உப்பிடும், ஓரத்துக்கு வார்னிஷ் அடிச்சீங்களா?